பந்துவீச்சு எந்திரம்: டென்னிஸ் பந்து பறக்கிறது, ஸ்டிச் பந்துக்கு வேகமே இல்லை. உதவி தேவை

புதுப்பந்து (கேள்வி):
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பசங்களின் வலைப்பயிற்சிக்காக இரண்டு சக்கர பந்துவீச்சு எந்திரம் ஒன்று கட்டியிருக்கிறேன். கடையில் விற்பது எங்கள் கைக்கு எட்டுகிற விலை இல்லை, ஆனால் பசங்களுக்கு ஆர்வம் அதிகம். அதனால் இதை எப்படியாவது சரியாக ஓட வைக்க வேண்டும்.

மின்ஸ்கூட்டரில் வரும் 24 வோல்ட், 250 வாட் மோட்டார் இரண்டு. ஒவ்வொன்றின் ஷாஃப்டிலும் 20 செ.மீ. விட்டமுள்ள தள்ளுவண்டிச் சக்கரம். நடுவில் பிளாஸ்டிக், வெளியே கெட்டி ரப்பர், ஒரு சக்கரம் சுமார் 300 கிராம். சக்கரங்கள் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. 90 மி.மீ. பி.வி.சி. குழாயில் பந்து உருண்டு வந்து நடு இடுக்கில் சிக்கும். டாக்கோமீட்டரில் (சுற்று வேகம் அளக்கும் கருவி) இரண்டு சக்கரமும் 2600 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 2600 சுற்று) பக்கம் காட்டுகின்றன.

டென்னிஸ் பந்து 80 கி.மீ. வேகத்தில் அருமையாகப் போகிறது. ஸ்டிச் பந்து (தையல் போட்ட தோல் பந்து) போட்டால் 65ஐத் தாண்டுவதில்லை. செல்போனில் ஸ்லோமோஷன் எடுத்துக் கணக்குப் போட்டேன், 18 மீட்டரைக் கடக்க ஒரு நொடி ஆகிறது. அதோடு ஒரு பந்து ஆஃப் பக்கம், அடுத்தது லெக் பக்கம் என்று சிதறுகிறது. மோட்டார் கடையில் 500 வாட்டாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் சரியாகிவிடுமா?

மின்கம்பி:
மோட்டாரை மாற்றும் முன் பேட்டரியைப் பாருங்கள். யு.பி.எஸ்.ஸில் வரும் சின்ன 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டைத் தொடராகக் கட்டியிருந்தால் வோல்டேஜ் படுத்துவிடும். ஒயர் மெலிதாக இருந்தாலும் அதே கதைதான்.

புதுப்பந்து:
இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டு போட்டிருக்கிறேன் அண்ணா, ஒயரும் தடிமனானதுதான். ஓடும்போது மோட்டார் முனையில் 24க்குக் கொஞ்சம் மேலேயே நிற்கிறது.

லேத் பட்டறை:
தம்பி, 500 வாட் மோட்டாருக்குக் காசு போடாதே. குறை மோட்டாரில் இல்லை, சக்கரத்தின் எடையில் இருக்கிறது.

பந்து சக்கரங்களுக்கு நடுவே இருப்பது ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். அதற்குள் உன் இரண்டு மோட்டாரும் சேர்ந்து 5 ஜூல் கூடத் தர முடியாது. உன் சக்கரத்தின் விளிம்பு வேகம் நொடிக்கு 27 மீட்டர், அதாவது மணிக்கு 98 கி.மீ. 160 கிராம் பந்து அந்த வேகத்தில் போக ஏறக்குறைய 60 ஜூல் வேண்டும். அது முழுக்க, சுழலும் சக்கரம் முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கும் ஆற்றலில் இருந்துதான் வர வேண்டும். மோட்டாரின் வேலை அடுத்த பந்து வருவதற்குள் சக்கரத்தைப் பழைய வேகத்துக்குக் கொண்டு வருவது மட்டும்தான்.

இப்போது கணக்கைப் பார். 300 கிராம் சக்கரத்தில் பாதி எடை விளிம்பில் இருப்பதாக வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 150 கிராம், இரண்டுக்கும் 300. அந்த 300ஐ, அதோடு பந்தின் எடையைக் கூட்டி வரும் 460ஆல் வகு. வருவதை 98ஆல் பெருக்கினால் 64 கி.மீ. நீ அளந்தது 65. டென்னிஸ் பந்து 58 கிராம்தான், அதே கணக்கில் 82 வருகிறது. உன் செல்போன் கணக்கு சரியாகவே இருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். வெளிவிட்டம் 180, உள்விட்டம் 140, தடிமன் 15 மி.மீ. உள்ள இரும்பு வளையம் இரண்டு கடைந்து வாங்கு. ஒன்று 1.2 கிலோ பக்கம் வரும், காயலான் கடைத் தகட்டிலேயே வெட்டலாம். அதை அப்படியே சேர்த்தால் ஸ்டிச் பந்து 90 கி.மீ. பக்கம் போக வேண்டும். ஆனால் பிளாஸ்டிக் சக்கரத்தில் அதைத் துளை போட்டு முடுக்காதே. 2600 சுற்றில் பிளாஸ்டிக் கிழிந்தால் வளையம் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அலுமினிய ஹப் (நடுப்பகுதி) உள்ள ரப்பர்ச் சக்கரத்துக்கு மாறிவிடு. மோட்டார் ஷாஃப்டிலும் இத்தனை எடையைத் தொங்கவிடக் கூடாது. தனியாக 20 மி.மீ. ஷாஃப்ட், இரண்டு பக்கமும் ஷாஃப்டைத் தாங்கப் பெடஸ்டல் பேரிங் (சட்டத்தில் முடுக்கும் பேரிங்), பெல்ட் வழியாக மோட்டார். கடைந்ததும் பேலன்ஸ் பார்க்காமல் ஓட்டாதே. சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். ஒரே இடம் எப்போதும் கீழே வந்து நின்றால் அங்கே எடை கூடுதல்.

ரப்பர் பரப்பில் பந்து உட்காருகிற மாதிரி லேசான குழிவும் கடையச் சொல். தட்டையான கெட்டி ரப்பர் ஸ்டிச் பந்தைப் புள்ளி அளவுதான் தொடும், வழுக்கும்.

நெட்ஸ் கோச்:
சிதறலைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்டிச் பந்தின் விட்டம் 72 மி.மீ. பக்கம். 90 மி.மீ. குழாயில் அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆடும், ஒவ்வொரு தடவையும் வேறு கோணத்தில் சக்கரத்தில் சிக்கும். 75 மி.மீ. குழாயின் உள்ளே ஸ்டிச் பந்து நுழையாது. அதனால் இதே குழாய்க்குள் நீளவாக்கில் மூன்று மெல்லிய பட்டைகள் ஒட்டி இடைவெளியைக் குறையுங்கள்.

தையலும் முக்கியம். உங்கள் சக்கரங்கள் இடவலமாக இருப்பதால், தையலை நேராக நிறுத்தி மட்டையாளரைப் பார்க்கிற மாதிரி வைத்தால் சக்கரங்கள் வழவழப்பான தோலை மட்டும் தொடும். கோணலாக உருண்டு வந்தால் தையல் சக்கரத்தில் ஏறி எகிறும். எந்திரத்துக்கென்றே விற்கும் குழிப்பந்துகளில் தையல் இல்லாததற்குக் காரணமே இதுதான். தினமும் பயிற்சி என்றால் அதையே வாங்குங்கள்.

இன்னொன்று, தயவு செய்து கேளுங்கள். பந்து போடுகிறவர் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, மட்டையாளர் தலையசைத்த பிறகுதான் குழாயில் விட வேண்டும். ஓடிவரும் பந்துவீச்சாளரைப் பார்த்துத் தயாராகிற பழக்கம் எந்திரத்துக்கு முன் உதவாது. ஹெல்மெட் இல்லாத பையனுக்கு ஸ்டிச் பந்தே வேண்டாம். சக்கரங்களைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டு, கைக்கெட்டும் தூரத்தில் சிவப்பு ஸ்டாப் பொத்தான், இரண்டும் கட்டாயம். எடையேற்றிய சக்கரம் சுவிட்சை அணைத்த பிறகும் வெகுநேரம் சுற்றும், அது நிற்கும்வரை யாரும் கை நீட்டக் கூடாது.

ஸ்கோர்புக்:
பயனுள்ள இழை. வென் வரைபடம் வரைந்த கணித அறிஞர் ஜான் வென் கூட ஒரு பந்துவீச்சு எந்திரம் கட்டினார். 1909இல் கேம்பிரிட்ஜுக்கு வந்த ஆஸ்திரேலிய அணியின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவரை அது நான்கு முறை க்ளீன் போல்டாக்கியது.

புதுப்பந்து:
அண்ணா, சார், மிக்க நன்றி. வளையம், பேரிங், பெல்ட் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஸ்டிச் பந்து இப்போது 85க்கு மேல் போகிறது. குழாயில் பட்டை ஒட்டியதும் சிதறலும் பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆனால் சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போகிறது. அதோடு பந்து எல்லாமே லேசாக வலப்பக்கம் வளைகிறது. ஏன்?

மின்கம்பி:
கனமான சக்கரத்தை நின்ற நிலையில் இருந்து முழு வோல்டேஜில் கிளப்பினால் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஃபியூஸைப் பெரிதாக்காதீர்கள். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரை மோட்டாருக்கு ஒன்றாகப் போட்டு, குமிழைப் பூஜ்யத்தில் வைத்துக் கிளப்பி மெதுவாக ஏற்றுங்கள்.

லேத் பட்டறை:
அந்தத் தனித்தனிக் குமிழே வளைவையும் தீர்க்கும் தம்பி. வேகம் குறைந்த சக்கரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பந்து வளையும். எந்திரத்துக்குப் பின்னால் நின்று பார், உன் வலது சக்கரம் சுற்றுக் குறைவாக இருக்கும். பெல்ட் தளர்வாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, டாக்கோமீட்டரை வைத்து இரண்டையும் சமன் செய். நேராகப் போக ஆரம்பித்ததும் குமிழ் நின்ற இடத்தைப் பெயின்டால் குறித்து வை. பசங்களுக்கு வளையும் பந்து பழக்க வேண்டிய நாளில் அந்தக் குறியில் இருந்து ஒரு பக்கத்தை மட்டும் கொஞ்சம் இறக்கினால் போதும்.