வாசலுக்கு வரும் சோலார் விற்பனை: சங்க விதியை நம்பலாமோ?

கேள்வி (கிளிநொச்சி): வீடு வீடா வாற முகவர்மார், தங்கட துறைச் சங்கத்துக்கு ஒழுக்கக்கோவை இருக்கெண்டு சொல்லி 5 கிலோவாற்று சோலாருக்கு முற்பணம் கேக்கினம். குடுக்கலாமோ?

பதில் 1: கோவையை மட்டும் நம்பாதேங்கோ. பிரித்தானியாவில மின்வழங்குநர்கள் தாங்களே எனர்ஜிஷுவர் எண்டு கோவை வைச்சிருந்தவை. அப்பிடியிருந்தும் 2013இல் தவறான விற்பனைக்காக எஸ்.எஸ்.ஈ. எண்ட மின்வழங்குநருக்கு அங்கத்தைய எரிசக்தி ஒழுங்குபடுத்துநர் ஒஃப்ஜெம் 1.05 கோடி பவுண் தண்டம் போட்டது. வாங்கிற ஒவ்வொரு கையெழுத்துக்கும் முகவருக்குத் தரகுப்பணம் எண்டால் பொய் வரத்தான் செய்யும்.

பதில் 2: முதல்ல மின்சார சபைப் பொறியியலாளர் அலுவலகத்தில உங்கட பக்க மின்மாற்றியில இன்னொரு சோலார் இணைக்க இடமிருக்கோ எண்டு கேளுங்கோ. வன்னியில கம்பி நீளம். மத்தியானம் வோல்ற்றேஜ் ஏறினால் இன்வேர்ட்டர் (பனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமா மாத்திற கருவி) தானா நிண்டிடும். இதை முகவர் சொல்லமாட்டார்.

பதில் 3: 5 கிலோவாற்று மாதம் சராசரி 550–600 அலகுதான் தரும். முகவர் 900 எண்டு சொன்னால் ஆளை அனுப்பிவிடுங்கோ. பனல், இன்வேர்ட்டர் மாதிரி இலக்கம், உத்தரவாதம் எல்லாம் எழுத்தில வேணும். இணைப்பு அனுமதி கிடைக்காட்டி முற்பணம் திரும்பும் எண்டும் எழுதுவியுங்கோ.