புதுப்பிப்பு: ஒருவழியாகப் பட்டாம்பூச்சி சிக்கியது

அரிசோனாவின் பாலைவனப் பள்ளத்தாக்குகளில் மூன்று நாள் பூ பூவாகத் தேடியும் உருப்படியாக ஒரு பட்டாம்பூச்சிப் படம்கூட இல்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். பூவை விடு, ஈர மணலைப் பார் என்றீர்கள் உங்களில் சிலர். சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

ஓடை வற்றி, பாறை நிழலில் கையகல ஈரம் மட்டும் மிஞ்சிய இடத்தில் நேற்று ஆறு பைப்வைன் ஸ்வாலோடெயில் பட்டாம்பூச்சிகள்! இப்படி மண்ணில் உப்பு உறிஞ்ச வருபவை பெரும்பாலும் ஆண்கள்தான். குடிக்கிற மும்முரத்தில் ஆளைக் கண்டுகொள்ளவில்லை, ஆனால் என் நிழல் பட்டதும் நான்கு பறந்துவிட்டன. அப்புறம் நிழல் பின்னால் விழும்படி சூரியனைப் பார்த்து வயிற்றால் ஊர்ந்தேன். (முழங்கையில் இன்னும் முள் இருக்கிறது.)

எதிர்வெளிச்சத்தில் முதல் படங்கள் வெறும் கறுப்பு. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்ததும் பின்னிறக்கையின் அடிப்பக்கம் நீலமாகப் பற்றிக்கொண்டது. அதில் வளைவாக ஏழு ஆரஞ்சுப் பொட்டுகள். இறக்கை துடித்துக்கொண்டே இருந்ததால் ஷட்டர் வேகம் 1/1600 நொடி.

அடுத்த வேட்டை இதன் புழுவுக்கு. அது தின்பது ஆடுதின்னாப்பாளை இனச் செடியை மட்டுமே. தரையோடு படரும் அந்தக் கொடியைத்தான் முதலில் கண்டுபிடிக்கணும்.