புதுப்பிப்பு: பருவமழையில் கோழிக்கூண்டும் அடிக்கடி துண்டித்த மின்சாரமும்

எங்கள் தரைவீட்டுக் கொல்லையில், கோழிகள் குஞ்சுகளாக வந்த நாள் முதல் கூண்டில் எரிந்துவந்த சூட்டு விளக்கில் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் புகுந்து, வீடு முழுவதும் மின்சாரம் துண்டிக்கப்படுவதைப் பற்றிச் சென்ற டிசம்பரில் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பலனளித்தது, விளக்கை அகற்றித் தரையை உலர்வாக வைக்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான். இறகு முழுதாக முளைத்த கோழிக்கு 22 டிகிரி ஒரு குளிரே அன்று என்றும், அதை வாட்டுபவை ஈரமும் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா நெடியுமே என்றும் அவர் விளக்கியிருந்தார். அதன்படி கூண்டை ஓரடி உயர்த்தி, 4 அங்குலம் மரச்சீவல் பரப்பி, சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் தார்ப்பாய் கட்டி, கூரைக்கடியில் காற்றுக்கு இடைவெளி விட்டேன். மூன்றே நாளில் நெடி அடங்கியது. மின்சாரமும் பிறகு துண்டிக்கவில்லை. (சுற்றிலும் அடைக்கச் சொன்னவர்கள் பொறுத்தருள்க, அப்படிச் செய்தபோது உட்புறம் வியர்த்து, நிலைமை மோசமானது.)

எதிர்பாராதது ஒன்று: ஐந்து கோழிகளும் சேர்ந்து நாளுக்கு நான்கு முட்டை இட்டது இரண்டாகக் குறைந்தது. இங்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே என்பதால், பழைய விளக்கின் கூடுதல் வெளிச்சம் முட்டையிடுதலைத் தூண்டியிருக்கிறது. இப்போது விடியுமுன் இரண்டு மணி நேரம், மின்கலத்தில் எரியும் சிறு எல்இடி விளக்கை வைக்கிறேன். மூன்று வாரத்தில் முட்டை மூன்றாகியுள்ளது.