டர்பனில் அபராண்ணம் எப்போது தொடங்குகிறது?

ஜூன் இறுதியில் வரும் தாத்தாவின் திதியை எந்த நேரத்தில் கொடுப்பது என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் எங்களுக்குத் தெளிவாகவில்லை. மறைந்த அப்பா தம் கணக்கு நோட்டின் ஓரத்தில், பென்சிலால், 'அபராண்ணத்தில்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்.

பகலைப் பிராதக்காலம், சங்கவம், மத்தியானம், அபராண்ணம், சாயங்காலம் என ஐந்தாகப் பகுத்தால் அது நான்காம் பங்கு. இங்கே குளிர்காலப் பகல் குறுகியது என்பதால், ஏறத்தாழ காலை 6.50க்கு உதித்து மாலை 5.05க்கு மறையும் சூரியனை வைத்து வகுத்தபோது 1 மணி முதல் 3 மணி வரை வந்தது. பங்குக்கு ஆறு நாழிகை (நாழிகைக்கு 24 நிமிடம்) என்று கொண்டாலோ 2 மணிக்குத்தான் தொடங்குகிறது. சென்னைப் பஞ்சாங்கத்தையும் பார்த்தேன். அது அவ்வூர் உதயத்துக்கு உரியது. இரண்டு ஐயர்களைக் கேட்டதில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள்.

இங்கே திதி கொடுக்கும் நீங்கள் உள்ளூர்ப் பகலை ஐந்தாக வகுக்கிறீர்களா, ஆறு நாழிகைக் கணக்கையே கொள்கிறீர்களா?