நடு ஆசியக் கம்பளங்களும் துணிகளும்: மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பு

(இந்தத் தலைப்பில் இணையக் குழு ஒன்றில் ஆர்வலர்கள் தத்தம் புனைபெயரில் எழுதிய பதிவுகள்)

பாவும் ஊடையும்:

சுவால் என்பது நாடோடிகள் கூடாரச் சுவரில் தொங்கவிட்டுத் துணிமணி வைக்கும் பெரிய நெய்த பை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நேராகச் செய்திக்கு வருகிறேன். உஸ்பெகிஸ்தானின் புகாரா நகரத்துக் குவிமாடச் சந்தை ஒன்றில், யோமுத் இனத்தாருடையது என்று சொல்லி ஒரு பழைய துர்க்மேன் சுவாலை என் முன் விரித்தார்கள். மஞ்சிட்டி வேரின் செம்பழுப்பும், அவுரியின் ஆழ்ந்த நீலமும், இடையிடையே சாயமேற்றாத கம்பளியின் வெண்மையும் அதில் கூடியிருந்தன. கீழ்விளிம்பைத் தடவியபோது விரல் நின்றுவிட்டது. அங்கே பாவு நூல்கள், அதாவது நெசவின் நெடுக்கு நூல்கள், ஒரே வரிசையாகக் கத்தரிக்கப்பட்டு, வேறொரு காலத்துப் பருத்தி நூலால் மடித்துத் தைக்கப்பட்டிருந்தன. சுவாலின் முடிச்சிட்ட முன்முகமும் முடிச்சில்லாத பின்பக்கமும் ஒரே பாவில் தொடர்ந்து நெய்யப்பட்டு, அடியில் மடிக்கப்பட்டு, இரு பக்கமும் தைக்கப்படுபவை. ஆகவே பின்பக்கத்தை அகற்ற வேண்டுமானால் தையலைப் பிரித்தால் போதாது, பாவையே அறுக்க வேண்டும்.

பின்பக்கம் எங்கே என்று கேட்டேன். முதியவரான கடைக்காரர் சற்றும் தயங்காமல், "அதில் பூவேலை இல்லையே, யார் வாங்குவார்கள்? என் தந்தை காலத்திலேயே வெட்டித்தான் விற்றார்கள்" என்றார்.

காஸ்பியன் கரையிலிருந்து புறப்பட்ட ரயில் பாதை 1886இல் மெர்வையும் 1888இல் சமர்கந்தையும் எட்டிய பிறகு, கூடாரச் சுவரில் துணிமணிகளைத் தாங்கித் தொங்கிய பைகள் மேற்கத்திய வீடுகளின் தரைக்கும் சுவருக்கும் வேண்டிய பொருள்களாக மாறின. தட்டையாக விரியாத எதற்கும் அங்கே இடமில்லை. இதைப் படித்து அறிந்திருந்தேன்தான். ஆயினும் அந்த வெட்டுவாய் என் விரலில் தட்டுப்பட்ட நொடியை என்னால் கடக்க முடியவில்லை. ஒரு பெண் தன் திருமணத்திற்காக நெய்த பையில் சரிபாதியை எவரோ தேவையற்றது என்று தீர்மானித்திருக்கிறார். அந்தப் பாதி எதற்குப் பயன்பட்டது, எங்கே மக்கியது என்பதற்கு எந்தச் சுவடும் இல்லை.

வடக்குச் சன்னல்:

எனக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே, ஆனால் கத்தரிக்கோல் இல்லாமல் நேர்ந்தது. ஐரோப்பிய நகரம் ஒன்றில் ஏலத்திற்கு முந்தைய பார்வை நாளில் ஓர் அஸ்மாலிக், அதாவது மண ஊர்வல ஒட்டகத்தின் விலாவை அணிசெய்யும் ஐங்கோணக் கம்பளம், சட்டமிட்டுத் தொங்கியது. ஐந்து கோணமும் குலையாமல், சாயம் எங்கும் வெளிறாமல், மிக நல்ல நிலையில் இருந்தது. மணப்பெண்ணைச் சுமந்து செல்லும் ஒட்டகத்தின் இரு விலாவிலும் தொங்குவதற்கென இவை இரண்டிரண்டாகவே நெய்யப்பட்டன என்பதை நாம் அறிவோம். அட்டவணைக் குறிப்பில் அளவு இருந்தது, முடிச்சு வகை இருந்தது, முன்னர் யாரிடம் இருந்தது என்பதும் இருந்தது. இணையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பொறுப்பாளரிடம் கேட்டேன். சேகரித்தவர் இறந்த பிறகு அவருடைய பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள் என்றும், விற்பதற்கு முன்வந்தவர் ஒருவர் மட்டுமே என்றும் அவர் சொன்னார். ஒட்டகம் போனது, ஊர்வலம் போனது, கூடாரமும் போனது. அத்தனைக்குப் பிறகும் நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்தே இருந்த இரண்டையும் பிரித்தது சேகரித்தவரின் சொந்தக் குடும்பம்தான். அன்று நான் ஏலத்திற்கு நிற்கவில்லை.

நெடுநாள் சேகரிப்பாளர்:

மேலே எழுதிய இருவரும் வணிகரையும் சேகரிப்போரையும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1881 ஜனவரியில் துர்க்மேன்களின் கியோக்தெப்பே கோட்டை ரஷ்யத் தளபதி ஸ்கோபெலெவின் படையிடம் வீழ்ந்த பிறகு, துர்க்மேன்களில் ஒரு பிரிவான தெக்கே இனத்தாரின் வாழ்க்கையே புரண்டுவிட்டது. பின்னர் வந்த சோவியத் ஆட்சி நாடோடிகளைக் கூட்டுப்பண்ணைகளில் குடியமர்த்தியது. கூடாரமே இல்லாத வீட்டில் என்சி என்னும் கூடார வாசல் தொங்கு கம்பளம் எதற்கு? ரஷ்யச் சேகரிப்பாளர் சாமுயில் டூடின் 1900 முதல் 1902 வரை அந்தப் பகுதிகளில் அலைந்து கம்பளங்களைத் திரட்டியிராவிட்டால், காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே இருந்த ரஷ்ய மாகாணத்தின் ஆளுநராக இருந்த தளபதி பொகல்யூபொவ் தம் சேகரிப்பை 1908–09இல் வண்ணப் படங்களோடு நூலாக்கியிராவிட்டால், சாலோர் என்ற துர்க்மேன் இனத்தாரின் நெசவு என்று நாம் பேசுவதற்கே இன்று பொருள் குறைவாக இருந்திருக்கும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் ஒரு சாலோர் தோர்பாவின் (சுவாலைவிடச் சிறிய பை) முன் நான் நின்றபோது, அருகில் நின்ற துர்க்மேன் மூதாட்டி ஒருவர் கண்ணாடியின் மேலேயே விரலால் குல்லின் (நெசவில் திரும்பத் திரும்ப வரும் இனச் சின்னக் கோலம்) எட்டுப் பக்கங்களையும் ஒவ்வொன்றாக வரைந்து காட்டினார். அது அங்கே காக்கப்பட்டதால்தான் அவருடைய விரலுக்கு எட்டியது.

புதிதாக வாங்க நினைப்போருக்குச் சில சொல்கிறேன். கம்பளத்தின் மயிரை விரல்களால் பிளந்து, நுனியின் நிறத்தையும் முடிச்சின் அடியிலுள்ள நிறத்தையும் ஒப்பிடுங்கள். நுனி சாம்பலாகவோ வெளிறியோ இருந்து, அடியில் பளிச்சென்ற ஊதாவோ இளஞ்சிவப்போ தெரிந்தால், அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்த தொடக்கக் காலச் செயற்கைச் சாயமாக இருக்கும். பாவு எதனால் ஆனது என்று விளிம்புக் குஞ்சத்தில் பாருங்கள். பழைய துர்க்மேன் நெசவில் பாவு கம்பளியாகவோ ஆட்டு மயிர் கலந்த கம்பளியாகவோ இருக்கும், பருத்தியாக இருந்தால் பெரும்பாலும் அது லாகூரிலோ கராச்சியிலோ 'புகாரா' என்ற பெயரில் நெய்யப்பட்டதாகும். முடிச்சையும் பாருங்கள்: சாரிக் இனத்தார் இருபுறமும் சமமாகச் சுற்றும் முடிச்சையும், தெக்கே இனத்தார் ஒருபுறம் திறந்த முடிச்சை வலப்பக்கமாகவும், சாலோர் இனத்தார் அதையே இடப்பக்கமாகவும் இட்டார்கள். விற்பவர் சொல்லும் இனப்பெயரைவிட இதை நம்பலாம். வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு ஒட்டினால் வாங்காதீர்கள். வாங்கியதை இருண்ட பெட்டியில் மடித்து வைக்காதீர்கள். உருட்டி வையுங்கள், அவ்வப்போது வெளிச்சத்தில் விரித்துப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

சமர்கந்து மாணவி:

இங்கு நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் மருத்துவம் படிக்கிறோம். கம்பளங்களைப் பற்றி உங்களளவுக்கு எனக்குத் தெரியாது. நான் சொல்ல வந்தது ஒரு சுசானியைப் பற்றி, அதாவது பட்டு நூலால் பூவேலை செய்த பெரிய துணியைப் பற்றி. நான் தங்கியிருந்த வீட்டின் பாட்டியம்மா ஒரு விழா நாளில் பெட்டியிலிருந்து அதை எடுத்துச் சுவரில் மாட்டினார். குறுகிய பருத்தித் துணிப் பட்டைகளைத் தளர்வாக இணைத்து, வரைபவர் ஒருவர் முழுப் பூக்கோலத்தையும் வரைந்து கொடுத்த பின், பட்டைகளைப் பிரித்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொன்றாகப் பட்டு நூலால் தைத்து, இறுதியில் மீண்டும் இணைப்பார்கள். ஆகவே இணைப்புக் கோட்டில் பூக்கள் சற்று விலகியே பொருந்தும். அப்படி விலகிய ஒரு மாதுளைப் பூவின் மேல் பாட்டியம்மா கை வைத்து, "இந்தப் பாதி என் அக்காவுடையது, அவள் நூலை எப்போதும் இறுக்கி இழுப்பாள். இந்தப் பாதி என்னுடையது" என்றார். உற்றுப் பார்த்தேன், இரண்டு பாதிகளின் தையலும் இரண்டு பேருடைய கையெழுத்தாகவே இருந்தன. அக்கா இளவயதிலேயே இறந்துவிட்டாராம். கீழ் மூலையில் ஓர் இலை வரைந்த கோடாக மட்டுமே நின்றது. அது வழக்கப்படி வேண்டுமென்றே நிறைவு செய்யாமல் விட்டதா, அக்காவால் முடிக்க இயலாமல் போனதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நெடுநாள் சேகரிப்பாளர் ஐயா, காத்தவர்கள் இருந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அருங்காட்சியகக் குறிப்பில் 'சமர்கந்து, சுசானி' என்று மட்டும் இருக்கும். எந்தப் பாதி யாருடையது என்பதைத் துணியோடு சேர்த்து எவரும் எழுதி வைக்கவில்லை.

அவுரி:

ஐயா சொன்ன ஈரத் துணிச் சோதனையை அப்படியே நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சரியாக அலசப்படாத இயற்கைச் சாயமும் ஒட்டும்; பிற்காலத்து உறுதியான செயற்கைச் சாயங்களோ சிறிதும் ஒட்டா. நான் பார்த்த ஒரு சாலோர்த் துண்டில் குல்லின் நடுவே பட்டு நூலால் இட்ட கருஞ்சிவப்பு முடிச்சுகள் இருந்தன. நல்ல வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது, கம்பளியின் சிவப்பு அடங்கியிருக்க, பட்டின் சிவப்பு மட்டும் ஊதா படர்ந்து எழுந்தது. இது செயற்கைச் சாயம் என்று உடன் வந்த நண்பர் உடனே ஒதுக்கிவிட்டார். ஆனால் சாலோர் நெசவின் பட்டில் அரக்குச் சாயம் இருப்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிந்த ஒன்று. அரக்குப் பூச்சி அந்தப் பாலைநிலத்தில் வளர்வதில்லை. இந்தியக் காடுகளிலும் அதற்குக் கிழக்கேயும் வளர்வது. எங்கோ ஒரு மரக்கிளையில் சுரண்டிய அரக்கு எத்தனை கை மாறி அந்தப் பட்டுக்கு வந்தது என்று நினைத்தபடி நான் நிற்கையில், வேறொருவர் விலை கேட்டு வாங்கிச் சென்றுவிட்டார். நான்கு புறமும் வெட்டப்பட்ட சிறு துண்டுதான் அது. பையின் பின்பக்கம் மட்டுமல்ல, முன்முகத்திலும் பெரும்பகுதி இல்லை.

வடக்குச் சன்னல் அவர்களே, உங்கள் அஸ்மாலிக்கின் அளவும், ஓரப்பட்டையின் கோலமும், வெண்மை கம்பளியா பருத்தியா என்பதும் நினைவிருந்தால் இங்கே எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் குடும்பப் பங்காக வந்த ஒற்றை அஸ்மாலிக் ஒன்று இருக்கிறது. இணையாக நெய்தவை ஒரே சாயத்தொட்டியில் தோய்ந்த நூலால் ஆனவையாக இருக்கக்கூடும் என்பதால், நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படமிருந்தால் மேலும் நல்லது. உங்கள் விவரம் கிடைத்தால் அவரிடம் காட்டிக் கேட்கிறேன்.