படுத்ததும் என்னையே ஏசத் தொடங்குகிறேன்: தூங்க வழி உண்டா?

கேள்வி (பாம்பன், தெற்குவாடி):
என் தாயார் இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. நெஞ்சு கரிக்கிறது என்று அவர் சொன்ன அன்று, வாயுத் தொல்லையாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில்தான் ராமநாதபுரத்துக்கு அழைத்துப் போனேன். பகலில் கருவாடு காயவைப்பதிலும் பிள்ளைகளைக் கவனிப்பதிலும் பொழுது ஓடிவிடுகிறது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் அந்த ஓமத் தண்ணீர்த் தம்ளர் கண்முன் வருகிறது. ‘ஒரு நாள் முன்னதாகப் போயிருந்தால்’ என்று தொடங்கும் பேச்சு மூன்றாம் சாமம் வரை அடங்குவதில்லை. கைப்பேசிச் செயலி ஒன்று, பைன் மரக்காட்டில் நடப்பதாக எண்ணிக்கொள்ளச் சொன்னது. பைன் மரத்தை நான் பார்த்ததே இல்லை. அதன் இலை எப்படியிருக்கும் என்று யோசித்ததில் வந்த தூக்கமும் போய்விட்டது. உங்கள்மீதே இரக்கம் கொள்ளுங்கள் என்றும் அது சொல்கிறது. தன்னிரக்கம் கூடாது என்றுதானே கேட்டு வளர்ந்தோம்?

பதில் (தொண்டி, மனநல ஆலோசகர்):
சகோதரி, குழப்பம் சொல்லில் இருக்கிறது. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று ஒடுங்கிப்போவதைத்தான் தன்னிரக்கம் என்கிறோம். அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் விவரித்தது வேறு: தன்னிடம் கனிவாயிருப்பது, தவறும் துயரமும் மனிதர் எல்லாருக்கும் உள்ளவை என்று உணர்வது, வேதனையை ஊதிப் பெருக்காமலும் மறைக்காமலும் பார்ப்பது. இதைப் பரிவு என்பதே பொருந்தும். இதே காரியத்தைச் செய்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் அழுதுகொண்டு வந்தால், ‘நெஞ்சு கரிப்புக்கு நம் வீடுகளில் ஓமத் தண்ணீர்தானே கொடுப்போம், உனக்கு எப்படித் தெரியும்’ என்றுதானே சொல்வீர்கள்? அதையே, அதே குரலில், உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். பிரிட்டனின் பால் கில்பர்ட் வகுத்த பரிவுசார் சிகிச்சையின்படி, வெளியிலிருந்து வரும் மிரட்டலைப் போலவே, தன்னைத் தானே ஏசுவதும் உள்ளிருக்கும் எச்சரிக்கை அமைப்பைத் தட்டி எழுப்புகிறது. காவல் நிற்கும் மனம் எப்படித் தூங்கும்? நெஞ்சில் கைவைத்து, வெளிமூச்சைச் சற்று நீட்டி, மெதுவாக மூச்சு விடுவது அதைத் தணிக்கும்.

காட்சிக்குப் பைன் காடு தேவையில்லை. ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த அலிசன் ஹார்வேயும் சுசானா பெய்னும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மனம் லயிக்கும் இதமான காட்சியொன்றை விவரமாக எண்ணிப்பார்த்தவர்கள், எந்த அறிவுரையும் பெறாதவர்களைவிட விரைவில் உறங்கியதாகத் தெரிவித்தார்கள். காட்சி மனத்தை நிரப்பிவிட்டால் கவலை நுழைய இடம் இராது என்பது அவர்கள் தரும் விளக்கம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் உங்கள் ஊரின் தென்கடல் குமுறும்போதும் வடகடல் குளம்போல் கிடக்குமே, அங்கே காலை நனைத்து நிற்பதாக எண்ணிப் பாருங்கள்.

பதில் (மூக்கையூர்):
கடல் எல்லாருக்கும் ஆகாது, ஐயா. என் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. எவ்வளவு அமைதியான நீரை நினைத்தாலும் என் கண் படகைத்தான் தேடும். எனக்குக் கைகொடுத்தது வலை. கிழிந்த வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியில் நூலேற்றி, பிசிறைக் கத்தியால் நறுக்கிவிட்டு, கண்ணி கண்ணியாக முடிச்சிட்டு வருவதாக எண்ணிக்கொள்வேன். நூல் விரலை அழுத்துவதுகூடத் தெரியும். எண்ணம் வேறெங்காவது போனால் திட்டாமல், விட்ட கண்ணியிலிருந்து தொடர்வேன். முதல் வாரத்தில், எனக்கு நானே நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டபோது தூக்கத்துக்குப் பதிலாக அழுகைதான் வந்தது என்பதையும் அக்காவுக்குச் சொல்லிவைக்கிறேன்.

கேட்டவர்:
அம்மா பனையோலைப் பெட்டி முடைவார். ஈர ஓலையின் வாசம் இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் காட்சியில் அவர் இருக்கலாமா, அல்லது பெட்டி மட்டும் போதுமா?

பதில் (தொண்டி):
தாராளமாக இருக்கலாம். முதலில் அவர் கைகளை மட்டும் பாருங்கள்; முகம் வரும்போது வரட்டும். மூக்கையூர்த் தம்பி சொன்ன அழுகை சிகிச்சையிலும் பலருக்கு நேர்வதுதான். பொறுக்க முடியாமல் போனால் அன்று பரிவுச் சொற்களை விட்டுவிட்டு மூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால், மணியைப் பார்க்காமல் எழுந்து திண்ணையில் உட்கார்ந்து, கண் சொருகும்போது திரும்பிப் படுங்கள். வாரத்தில் 3 இரவுகளாவது இப்படி 3 மாதங்களுக்கு மேல் நீடித்திருந்தால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் இரவிலும் தமிழில் பேசலாம்.