ஃபிலடெல்ஃபியா: சுதந்திரம் பிறந்த ஊரா, ஏட்டுச் சுரைக்காயா?

ஓடக்காரன்:
அமெரிக்கா போகிற நம்மவர்கள் நியூயார்க்கையும் வாஷிங்டனையும் பார்த்துவிட்டு, இடையில் இருக்கும் ஃபிலடெல்ஃபியாவை ரயில் ஜன்னலோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவே இல்லை. ஆரம்பகால அமெரிக்க நகரங்களில் மனிதனை மனிதனாக மதிக்க முயன்ற ஊர் என்றால் அது ஃபிலடெல்ஃபியாதான் என்பது என் கட்சி.

இந்த ஊரை நிறுவியவர் வில்லியம் பென். அவருடைய அப்பாவுக்குத் தரவேண்டிய 16,000 பவுண்டு கடனுக்கு ஈடாக, 1681ல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னர், ஊர் இருக்கும் பென்சில்வேனியா நிலத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தார். பென் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், அதற்காகவே லண்டனில் சிறைக்குப் போனவர். பாஸ்டனில் குவேக்கர்களைத் தூக்கிலேயே போட்டார்கள். அப்படி அடிபட்ட மனுஷன், தன் கைக்கு ஒரு நாடே வந்தபோது பழிவாங்கவில்லை, யார் எந்த முறையில் கடவுளை வணங்கினாலும் சரி என்றார். இங்கிலாந்தில் கத்தோலிக்கர்கள் வெளிப்படையாகப் பூசை வைக்க முடியாத காலத்தில், இங்கே 1733ல் அவர்களுக்குக் கோயில் வந்துவிட்டது.

ஊரின் வரைபடத்தையும் பாருங்கள். லண்டனின் கொள்ளைநோயையும் 1666ன் பெருந்தீயையும் கண்டவர் பென். அதனால் டெலவேர், ஸ்கூல்கில் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே நேர்கோட்டில் அகலமான தெருக்கள், ஐந்து சதுக்கங்கள், வீட்டைச் சுற்றித் தோட்டம் என்று திட்டம் போட்டார். 1780ல் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்ததும் இந்த ஊரில் கூடிய சட்டமன்றம்தான். வேறென்ன வேண்டும்?

நெய்தல்நிலா:
ஓடக்காரன் ஐயா, வரைபடம் அழகுதான். ஊர் உருவான சில வருஷங்களிலேயே, 1684ல், இசபெல்லா என்ற கப்பலில் 150 ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வாங்கியவர்களில் குவேக்கர்கள் நிறையப் பேர். மரம் வெட்டி, தரை சீர்செய்து, நீங்கள் சொல்லும் நேர்த் தெருக்களுக்கு உழைத்தவர்களில் அவர்களும் உண்டு. பென்னிடமே அடிமைகள் இருந்தார்கள். 1688ல் பக்கத்து ஜெர்மன்டவுனில் நாலு பேர் 'இது தப்பு' என்று எழுதிக் கொடுத்தார்கள். மனு குவேக்கர் சபையின் ஒவ்வொரு கூட்டமாக மேலே போனது, மேலே போனவுடன் கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

1780 சட்டத்துக்கு வருகிறேன். அது நிறைவேறிய அன்று ஒரே ஒரு அடிமைகூட விடுதலை ஆகவில்லை. அதற்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகளும் 28 வயதுவரை எஜமானுக்கு உழைக்க வேண்டும். இன்னொரு விதி, வெளி மாநிலத்துக்காரர் கொண்டுவரும் அடிமை ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால் விடுதலை கேட்கலாம் என்பது. ஃபிலடெல்ஃபியா தலைநகராக இருந்தபோது அங்கே குடியரசுத் தலைவராக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் என்ன செய்தார்? ஆறு மாதம் முடிவதற்குள் தன் அடிமைகளை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்பக் கூட்டிவந்தார். அடிமைகளுக்கும் ஊராருக்கும் காரணம் தெரியாதபடி வேறு ஏதாவது சாக்குச் சொல்லிச் செய்யும்படி 1791ல் தன் செயலாளருக்குக் கடிதமே எழுதினார். சட்டம் ஏட்டுச் சுரைக்காய் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

ஓடக்காரன்:
ஏட்டுச் சுரைக்காயாக இருந்தால் வாஷிங்டன் ஏன் பயந்தார்? நாட்டின் தலைவரே கள்ளத்தனம் செய்துதான் தப்பிக்க முடிந்தது என்றால் சட்டத்துக்குப் பல் இருந்தது என்றுதான் அர்த்தம். 1790ல் பென்சில்வேனியாவில் 3,737 அடிமைகள், 1840ல் 64. மெதுவாக நடந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடந்தது. அதே காலத்தில் தெற்கே அடிமைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

பெரியகுளத்தான்:
இரண்டு பேரும் சட்டத்திலேயே நிற்கிறீர்கள். அந்த ஊர்த் தெருவைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். சாப்பாடு, பேச்சு, ஜனங்கள்? 1784ல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த முதல் அமெரிக்கக் கப்பல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து கிளம்பியது என்று படித்ததிலிருந்து எனக்கு அந்த ஊர்மேல் ஒரு இது.

நெய்தல்நிலா:
பெரியகுளத்தான் தம்பி, நல்ல கேள்வி. சந்தைப் பக்கம் கறுப்பினப் பெண்கள் பெரிய பானையோடு உட்கார்ந்து 'பெப்பர்பாட்' விற்பார்கள். மாட்டுக் குடலைக் கழுவி வேகவைத்து, காரமாக மிளகு போட்ட கெட்டியான சூப். மேற்கிந்தியத் தீவுகளின் கைமணம் அது. சுடச்சுட, முதுகுக்கு வலு தரும் என்று கூவி விற்பார்கள். 1811ல் ஜான் லூயிஸ் கிரிம்மெல் அந்தக் காட்சியை ஓவியமாகவே வரைந்தார். நீங்கள் கேட்ட 'ஊர்' அந்தப் பெண்கள்தான். ஓடக்காரன் ஐயா சொல்லும் ஊர், சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள் என்பதுதான் என் வாதம்.

1793 மஞ்சள் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 50,000 பேர் இருந்த ஊரில் சுமார் 5,000 பேர் செத்தார்கள். வாஷிங்டன் உட்பட வசதி இருந்தவர்கள் வெளியூருக்குப் போய்விட்டார்கள். கறுப்பினத்தாருக்கு இந்தக் காய்ச்சல் தொற்றாது என்று டாக்டர் பெஞ்சமின் ரஷ் நம்பினார், சேவைக்கு அவர்களை அழைத்தார். கறுப்பினத்தாரின் தலைவர்களான ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் ஆட்களைத் திரட்டி வீடு வீடாகப் போய் நோயாளியைப் பார்த்தார்கள், பிணங்களை எடுத்துப் புதைத்தார்கள். தொற்றாது என்றது பொய்யாகி, அவர்களிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். காய்ச்சல் அடங்கியதும் மேத்யூ கேரி என்ற பதிப்பாளர், கறுப்பினத்தாரில் சிலர் அதிகக் கூலி கேட்டார்கள், திருடினார்கள் என்று அச்சில் எழுதினார். ஜோன்ஸும் ஆலனும் 1794ல் பதில் புத்தகம் போட்டு, சவப்பெட்டிக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று வரவுசெலவையே வெளியிட்டார்கள். வந்தது 233 பவுண்டு, போனது 411 பவுண்டு. உயிரைக் கொடுத்தவன் கணக்கும் காட்ட வேண்டியிருந்த ஊர் அது!

ஓடக்காரன்:
நிலா, அந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கும் நெஞ்சு பதறியது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அப்படி ஒரு பதிலை அச்சடித்து, பெயர் போட்டு, தெருவில் விற்க அன்றைக்கு அடிமை முறை ஓங்கியிருந்த தெற்கே, ரிச்மண்டிலோ சார்ல்ஸ்டனிலோ முடிந்திருக்குமா? அதே 1794ல் ஆலன் பழைய கொல்லர் பட்டறை ஒன்றை வண்டியில் இழுத்துவந்து, ஆறாம் தெருவும் லம்பார்டு தெருவும் சந்திக்கும் இடத்தில் வைத்துத் தேவாலயம் ஆக்கினார். அதன் பெயர் மதர் பெத்தேல். அந்த மனை இன்றுவரை அவர்கள் கையை விட்டுப் போகவில்லை. ஊர் இடம் கொடுத்ததால்தானே?

நெய்தல்நிலா:
ஊர் எங்கே கொடுத்தது? ஆலன் தன்னைத்தானே விலை கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தவர். செருப்புத் தைத்து, புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழில் நடத்திச் சம்பாதித்தார். வெள்ளையர் கோயிலில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த ஜோன்ஸைப் பிடித்து எழுப்பினார்கள். அதனால்தான் தனிக் கோயில்.

ஓனா ஜட்ஜ் கதையும் இதேதான். வாஷிங்டன் மனைவியின் அடிமைப் பணிப்பெண், வயது இருபதைச் சுற்றி. தன்னைப் பேத்திக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டார். 1796 மே மாதம், குடும்பம் வர்ஜீனியா கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது இவரும் தன் மூட்டையைக் கட்டினார். துணிமணியை முன்கூட்டியே கறுப்பினச் சிநேகிதர்கள் வீட்டில் சேர்த்துவிட்டார். எஜமானர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் வாசல் வழியாக வெளியேறி, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்விட்டார். பிடித்துத் தருபவருக்கு 10 டாலர் என்று ஃபிலடெல்ஃபியா பத்திரிகையில் விளம்பரம் வந்தது. சாகும்வரை சட்டப்படி அவர் அடிமைதான்.

ஓடக்காரன்:
அந்தச் சிநேகிதர்கள் சுதந்திர மனிதர்களாக வாடகை வீட்டில் இருந்தார்கள் அல்லவா, அந்த நிலைமையைத்தான் நான் ஊர் என்கிறேன். 1849ல் ரிச்மண்டில் ஹென்றி பிரவுன் என்ற அடிமை, தன்னை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து ஆணியடித்துப் பார்சலாக அனுப்பச் சொன்னார். வழியில் கொஞ்ச நேரம் தலைகீழாகக் கிடந்து, 27 மணி நேரம் கழித்து உயிரோடு எழுந்து வந்தார். பெட்டியின்மேல் எழுதியிருந்த ஊர் ஃபிலடெல்ஃபியா. உயிரைப் பணயம் வைத்தவன் யோசிக்காமலா எழுதியிருப்பான்?

நெய்தல்நிலா:
பெட்டி பிரிக்கப்பட்டது மேயர் வாசலில் இல்லை ஐயா, அடிமை எதிர்ப்புச் சங்கத்தின் அலுவலகத்தில். அதே இயக்கத்தார் காசு சேர்த்துக் கட்டிய பென்சில்வேனியா ஹால் என்ற கூட்ட மண்டபத்தை, திறந்த சில நாட்களிலேயே, 1838 மே 17 இரவு கும்பல் கொளுத்தியது. தீயணைப்புப் படையினர் பக்கத்துக் கட்டடங்களுக்கு மட்டும் தண்ணீர் அடித்தார்கள். அந்த வருஷமே மாநில அரசியல் சட்டத்தைத் திருத்திக் கறுப்பின ஆண்களின் வாக்குரிமையையும் எடுத்தார்கள். ஜேம்ஸ் ஃபோர்ட்டன் பாய்மரம் தைக்கும் பட்டறை வைத்து வெள்ளையருக்கும் வேலை கொடுத்த செல்வந்தர். அவருக்கும் ஓட்டு கிடையாது, அவரிடம் கூலி வாங்கிய வெள்ளைக்காரருக்கு உண்டு. இதற்குப் பதில் சொல்லுங்கள், அப்புறம் பென்னின் சதுக்கங்களுக்குப் போகலாம்.